முதல் வீடும் தொழிலாளியின் பெயரும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் சீவிப் பிழைக்கும் நம்மில் பலர் பிறந்ததும் லயத்தில், வளர்ந்ததும் லயத்தில். ஆனால் லயத்து வீடு நம்முடையது அன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை ஓய்ந்தால் வீடும் போயிற்று. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் அந்த வீடு எத்தகைய தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அதை நமக்குச் சொந்தமாக்கித் தரவில்லை. ஆகவே ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே சொந்த வீட்டுக்கு வழி தேட வேண்டும்.

முதன்முதலாக வீடு வாங்கும் மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கம் இரண்டு சலுகைகளை வழங்கியுள்ளது. இரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல. எது நம் கைக்கு எட்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, முத்திரை வரி விலக்கு. 5 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத வீட்டுக்குப் பெயர் மாற்றப் பத்திரத்தின் மீதும் கடன் பத்திரத்தின் மீதும் முத்திரை வரி கிடையாது. 2021-இல் தொடங்கிய இவ்விலக்கு, 2026-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. கணக்கைப் பாருங்கள். வீட்டின் விலை 2,50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 1, மீதிக்கு நூற்றுக்கு 2 என்ற விகிதத்தில் பெயர் மாற்ற வரி 4,000 வெள்ளி. 2,25,000 வெள்ளி கடனுக்கு நூற்றுக்கு அரை விகிதத்தில் 1,125 வெள்ளி. மொத்தம் 5,125 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது மூன்று மாத உழைப்பு! வருமான வரி கட்டாதவருக்கும் இந்தச் சலுகை உண்டு.

இரண்டாவது, வருமான வரிக் கழிவு. 2025 ஜனவரி முதல் 2027 டிசம்பர் வரை கொள்முதல் ஒப்பந்தம் செய்வோர், கட்டிய கடன் வட்டியில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை மூன்று ஆண்டுகளுக்குக் கழித்துக் காட்டலாம். வீட்டின் விலை 5 லட்சத்துக்கு மேல் 7,50,000 வரை என்றால் 5,000 வெள்ளி. 7,000 வெள்ளி கையில் வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். நூற்றுக்கு 11 வரி கட்டும் நிலையில் உள்ளவருக்கு மிச்சம் அதிகம் போனால் ஆண்டுக்கு 770 வெள்ளி. 1,700 வெள்ளிச் சம்பளக்காரர் வருமான வரியே கட்டுவதில்லை. அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பட்டணத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கே இது பயன்படும்.

தோழர்களே, இனி நான் சொல்வதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "முதல் வீடு" என்பது ஒருவர் வாழ்வில் ஒரே முறை வரும் உரிமை. முத்திரை வரி விலக்குக் கேட்பவர் இதற்குமுன் எந்தக் குடியிருப்பு வீட்டுக்கும் உரிமையாளராக இருந்திருக்கக் கூடாது. தனியாகவோ கூட்டாகவோ, வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வந்த வீடும் இதில் சேரும். சத்தியப் பிரமாணம் செய்தே விலக்குக் கேட்க வேண்டும். பொய் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே "உன் பெயரில் ஒரு வீடு எடுக்கிறேன், கையெழுத்து மட்டும் போடு" என்று எவர் வந்தாலும், உறவினரே ஆனாலும், இணங்காதீர்கள். வீடு அவருக்கு, கடன் உங்களுக்கு, உங்கள் சலுகையும் பறிபோகும். தகப்பன் வீட்டுப் பத்திரத்தில் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்கும் முன்பும் வழக்கறிஞரிடம் ஆலோசனை கேளுங்கள். ஒரு சிறு பங்கு கூட அந்தப் பிள்ளையின் முதல் வீட்டு உரிமைக்குத் தடையாகலாம்.

முன்பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஊழியர் சேமநிதியின் சமூகநலக் கணக்கிலிருந்து, அதாவது பழைய இரண்டாவது கணக்கிலிருந்து, வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாத குத்தகை வேலைக்காரருக்கும் சிறு வியாபாரிக்கும், அரசாங்கமே வங்கிக்கு ஜாமீன் நிற்கும் வீடமைப்புக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. ஆனால் ஜாமீன் என்பது இலவசம் அன்று. மாதத் தவணையை நாம்தான் கட்ட வேண்டும்.

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அன்று தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணம் தோட்டங்களையே வாங்கியது. அந்தச் சிக்கனமும் ஒற்றுமையும் இன்றும் வேண்டும்.

வரி விலக்கு நல்லதுதான், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது சம்பள உயர்வுக்கு ஈடாகாது. தவணை கட்டத்தக்க சம்பளமும், தொழிலாளி வாங்கத்தக்க விலையில் வீடும் கிடைக்கும் வரை சங்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் உங்கள் பெயரைக் காத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடும் முன் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.