பட்டத்திற்குப் பின்னும் பாடம்



நம் சங்கத்தின் துணையால் பயின்ற பிள்ளைகளுள் சிலர் இன்று மருத்துவராகவும் செவிலியராகவும் பணியாற்றுகின்றனர். பட்டம் பெற்றுவிட்டால் புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றிவிடலாம் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்திற்கு அமெரிக்க நாட்டில் சட்டமே இடம் கொடாத செய்தியைக் கூற விழைகின்றோம்.

அங்கு மருத்துவத் தொழிலுக்குரிய உரிமத்தை அந்தந்த மாநில வாரியமே வழங்குகின்றது. அது குறித்த காலத்திற்கே செல்லும். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்க விரும்பும் மருத்துவர் இடைக்காலத்தில் படித்திருத்தலும் வேண்டும் என்று முதன்முதலாக விதித்தது நியூ மெக்சிகோ மாநிலம், ஆண்டு 1971. பின்னர்ப் பல மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. கலிபோர்னியாவில் ஈராண்டிற்கு 50 மணி நேரம். மிச்சிகனில் மூவாண்டிற்கு 150 மணி நேரம். ஃப்ளோரிடாவில் ஈராண்டிற்கு 40 மணி நேரம். அதில் 2 மணி நேரம் மருத்துவத் தவறுகளைத் தடுப்பது பற்றியே படித்தாக வேண்டும். கலிபோர்னியாவில், படித்தது உண்மையென்று மருத்துவரே உறுதி கூறிக் கையொப்பமிடுகின்றார். வாரியம் அவர்களுள் சிலரைத் தெரிந்தெடுத்துச் சான்றிதழ்களைக் கேட்கும்.

மணிக்கணக்கு அறிவாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியர் பயிற்சி முகாம்களில் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டுக் கடைசி வரிசையில் கண்ணயர்ந்தவர்களுள் நாமும் ஒருவரே; ஆதலால் அக்கேள்வியை நாம் மறுக்கவில்லை. எனினும் என்ன படிக்கச் சொல்கின்றனர் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

2016-இல் வெளிவந்த வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்று, வெள்ளையின மருத்துவ மாணவரையும் பயிற்சி மருத்துவரையும் வினவியது. கறுப்பின மக்களின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்யான கருத்துகளுள் ஒன்றையேனும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பினர். அத்தகையோர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர்! இவர்கள் படியாதவர்கள் அல்லர். மருத்துவக் கல்லூரிக்குள் இருந்தவர்கள்.

மருத்துவர் தம் உள்ளத்தில் தாமே அறியாது கொண்டுள்ள இத்தகைய ஓரவஞ்சனையைப் பற்றியும் தொடர்கல்வியில் கற்பித்தல் வேண்டும் என்று கலிபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றியது. 2022 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பும் எழுந்தது. 2023-இல் தொடுக்கப்பட்ட வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025-இல் ஏற்கவில்லை.

இதனைப் படித்தபொழுது நம் தாயாரின் நினைவு வந்தது. காய்ச்சலோடு சென்ற அவரை எட்டி நிற்கச் சொல்லி, நாடியைத் தொட்டும் பாராமல், மாத்திரை எழுதி நீட்டினார் ஒரு மருத்துவர். அப்பொழுது நமக்கு எட்டு வயது. சீட்டை வாங்கிய அன்னையின் கை நெருப்பாய்ச் சுட்டது. அச்சூட்டை அம்மருத்துவர் அறியவே இல்லை. அவருக்கு எவரேனும் ஒரு மணி நேரம் இப்பாடத்தை நடத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்?

நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுக்க விதிகள் ஐந்தாண்டிற்கு 30 மணி நேரத் தொடர்கல்வியைக் கூறின. நம் பிள்ளைகள் அவ்வகுப்புகளில் பின்வரிசையில் அமர்தல் ஆகாது. நோயாளியைத் தொட்டுப் பார்த்தல் பற்றியும் அங்கே எழுந்து கேட்டல் வேண்டும். மேலும், மருத்துவரான நம் இளைஞர்கள் தாம் புதிதாய்க் கற்றவற்றை இம்மண்டபத்தில் எடுத்துரைக்க, ஆண்டிற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.