ஓர் ஊர், பல ஆவண அறைகள்

(காணிப்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



நூலகங்களில் உள்ள ஆராய்ச்சி நூல்களையும் ஆவணங்களையும் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தார்கள். பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே நாம் கூடியிருக்கும், ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இங்குள்ள வரசித்தி விநாயகர் கோயிலைப் பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் இரண்டு செய்திகள் தவறாமல் இருக்கும். முதல் குலோத்துங்க சோழன் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கோயிலைக் கட்டினான் என்பது ஒன்று. 1336-இல் விசயநகரப் பேரரசர்கள் விரிவாக்கினார்கள் என்பது மற்றொன்று. குலோத்துங்கன் பட்டமேறியதோ 1070-இல். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழ அரியணையில் இருந்தவன் முதலாம் இராசராசன். சரி, 1336? துங்கபத்திரைக் கரையில் விசயநகர அரசு தோன்றியதாகப் பாடநூல்கள் சொல்லும் ஆண்டே அதுதான். அன்றைக்கு இவ்வூர் அடங்கிய தொண்டை மண்டலம் சம்புவராயர் கையில் இருந்தது. விசயநகர இளவரசன் குமார கம்பணன் தெற்கே வந்து அவர்களை வெல்வதற்கு இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. அரசு தோன்றிய ஆண்டிலேயே பகுதா நதிக்கரையில் திருப்பணி செய்ய விசயநகரத்தாருக்கு நேரம் இருந்திருக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோயிலின் பெருமையைக் குறைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கோயில் பழையதுதான், தேதிதான் சரிபார்க்கப்படாதது. ஒரு கையேட்டைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மாத இதழ், அதைப் பார்த்துக் கைபேசி என்று அந்த இரண்டு வரிகள் உலவிக்கொண்டிருக்கின்றன. இந்த ஊரில் பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது என்பது சுற்றுவட்டாரத்தின் உறுதியான நம்பிக்கை. வழக்கு முற்றினால் "காணிப்பாக்கம் வா, சத்தியம் பண்ணு" என்பார்கள். ஆனால் எந்த ஆவணமும் இந்தக் கோயில் குளத்தில் முழுகி எழுந்து சத்தியம் செய்துவிட்டு நம்மிடம் வருவதில்லை. அதை நாம்தான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

அந்த இரண்டு வரிகளைச் சரிபார்க்க வேண்டுமானால் எங்கே போவது? முதலில் கல்லுக்கு. கல்லைப் படிப்பவர்கள் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, பிறகு மை ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. 1880-களில் ஹூல்ட்ஸ் காலத்தில் தொடங்கி, வெங்கையா, கிருஷ்ண சாஸ்திரி என்று வந்த கல்வெட்டாளர்கள் இப்படி எடுத்தவை ஆண்டறிக்கைகளில் எண்ணிட்டுப் பதிவாயின. அந்தப் படிகள் ஊட்டியில் இருந்து பின்னர் மைசூர் போயின. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆந்திரத்து மண்ணில் எடுத்த தமிழ்ப் படிகளுக்கு எது சொந்த ஊர் என்று என்னிடம் கேட்டால், மூலம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், நல்ல ஒளிப்படம் சென்னையிலும் மைசூரிலும் திருப்பதியிலும் இருக்க வேண்டும் என்பேன்.

திருப்பதியைச் சொன்னதும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. திருமலைக் கோயிலை ஹாதீராம்ஜி மடத்துத் தலைவர்களான மகந்துகள் நிர்வகித்து வந்த காலத்திலேயே, 1920-களில், அங்குள்ள கல்வெட்டுகளைப் படியெடுக்கும் வேலை தொடங்கிவிட்டது. தேவஸ்தானத்தின் தொல்லியலாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் அறிக்கை 1930-இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆறு தொகுதிகளாக மூலங்கள் அச்சாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், பெரும்பாலானவை தமிழ். திருமலைக்குப் போகும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அவற்றில் ஒன்றை எடுத்துப் படித்தால், பெரும்பாலும் ஒரு கணக்குத்தான் இருக்கும். ஒருவர் ஸ்ரீபண்டாரத்தில், அதாவது கோயில் கருவூலத்தில், இத்தனை நற்பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தைக் கொண்டு கோயிலுக்கு விடப்பட்ட திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுகிறார்கள். அதனால் கூடுதலாக விளைவதைக் கொண்டு நாள்தோறும் இத்தனை திருப்போனகம் (அன்னப் படையல்), இன்ன நாளில் இத்தனை அதிரசப்படி, அப்பப்படி என்று திட்டம். அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை நாழி, பயறு, மிளகு, சர்க்கரை எல்லாம் அளவோடு. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒன்று 'விட்டவன் விழுக்காடு', அதாவது கட்டளை வைத்தவரின் பங்கு. மேலோட்டமாகப் பார்ப்பவர் மடைப்பள்ளிப் பட்டியல் என்று மூடி வைத்துவிடுவார். பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அந்தப் பட்டியலையே கூட்டிப் பெருக்கி, ஒரு கோயில் வேளாண்மைக்கு முதலீடு செய்யும் நிறுவனமாக எப்படி இயங்கியது என்று 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். தென்னிந்தியப் பொருளாதார வரலாற்றைப் படிக்கிறவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. தொகுதிகளை அச்சிட்டவர்கள் ஒன்றை நினைத்து அச்சிட்டார்கள், எங்கோ இருந்த ஒருவர் வேறொன்றை அதில் கண்டார். பயன்படாத நூல் என்று கழித்துக்கட்டும் நூலகக் குழுக்களுக்கு இதை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

அதே மலையில் இன்னொரு வகை ஆவணமும் இருந்தது. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடிய சங்கீர்த்தனங்களை அவருடைய வழியினர் செப்பேடுகளில் வெட்டி, கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறிய கல் அறையில் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஏடுகள், பெரும்பாலும் தெலுங்குப் பாட்டு. 1920-களில் அவை வெளியே வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்த கிருஷ்ண சர்மா போன்றவர்கள் படித்துப் பதிப்பித்ததால்தான் இன்று கச்சேரி மேடையில் அன்னமய்யா ஒலிக்கிறார். இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. தாளப்பாக்கத்தார் கோயிலுக்கு விட்ட கட்டளைகள் பலவும் தமிழிலே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே குடும்பம், பாட்டு தெலுங்கில், கணக்கு தமிழில். ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் குடும்பம் பாதிதான் கிடைக்கும்.

1801-இல் இப்பகுதிக்குக் கிழக்கிந்தியக் கும்பினியார் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது வருமானம். 1803-இல் கலெக்டர் ஸ்டிராட்டன் திருப்பதிக் கோயிலைப் பற்றி எழுதிய அறிக்கையில் கோயிலின் வரவு செலவும் ஊழியர்களும் அவர்களுடைய உரிமைகளும் வரிசையாக வரும். அதே காலத்தை ஒட்டியவை கோயில் செலவுத் திட்டம், ஊர் வரலாற்றுக் குறிப்பான கைபீது, நில அளவைக்கான பைமாயிஷ் கணக்கு, கேள்வியும் பதிலுமாக அமைந்த சவால் ஜவாபு பட்டி. 1821-இல் கோயில் நிர்வாகத்துக்கு 42 விதிகள் கொண்ட புரூஸ் கோடு வந்தது. 1843-இல் நிர்வாகம் ஹாதீராம்ஜி மடத்து மகந்துகளிடம் போயிற்று. கல்லில் திருப்போனகமாக நிற்கும் அதே அரிசி, கும்பினிக் காகிதத்தில் செலவினமாக மாறியிருக்கும். எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டுப் படிக்க வேண்டும்.

கும்பினியின் நில அளவையாளர் கர்னல் காலின் மெக்கன்சியின் ஆட்களும் ஊர் ஊராகப் போய், ஊர்க் கணக்கர்களான கர்ணங்களிடம் கைபீது எழுதி வாங்கினார்கள். காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களின் உழைப்பு அதில் பெரிது. அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. கைபீதில் கட்டுக்கதையும் இருக்கும், எல்லைக்கல்லும் இருக்கும். ராஜா கனவில் சாமி வந்தார் என்ற வரிக்கு அடுத்த வரியில் ஏரியின் பெயரும் மானிய நிலத்தின் அளவும் வரும். வரலாற்றுப் பேராசிரியர்கள் முதல் வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டாவது வரியைத் தவறவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் பதிவேடுகளை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். யார் கொடுத்த மானியம், யாருக்கு, எந்தச் சேவைக்கு, இப்போது அனுபவிப்பவர் யார் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருப்பார்கள். கோயில் நிலத் தகராறுகளில் நீதிமன்றங்கள் இன்றும் அதைத்தான் கேட்கின்றன.

ஆவணம் என்றால் கோயிலும் நிலமும் மட்டும்தானா? பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில், 1919 பிப்ரவரியில் தாகூர் 'ஜன கண மன' பாட்டை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை நடத்திய ஆராய்ச்சி எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி 1948-இல் தொடங்கிய இடங்களில் அது ஒன்று. சுற்றுக் கிராமங்களில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவுகள் 1964-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தன. நம் பக்கத்துக் குடியானவர்களின் நெஞ்சுச்சளியும் எக்ஸ்ரேயும் உலக மருத்துவ நூலகங்களில் இருக்கின்றன, நம் நூலகத்தில் இல்லை. பாகாலாவை அடுத்த காதங்கியில் 1990-களிலிருந்து வளிமண்டல ரேடார் நம் தலைக்குமேல் வீசும் காற்றை அளந்து பதிவுசெய்து வருகிறது. அதுவும் இவ்வட்டாரத்தின் ஆவணம்தான்.

இவ்வளவும் சிதறியதற்குக் காரணம் எல்லைக்கோடு. சித்தூர், வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956-இல் தலைநகரம் ஐதராபாத். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துக்குப் போயிற்று. 2014-இல் ஐதராபாத் தெலங்கானாவுக்கு ஆயிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம். ஒவ்வொரு முறையும் கோப்புகளில் சில போயின, சில நின்றன. இன்று காணிப்பாக்கத்தின் பழைய வருவாய்ச் செய்தி வேண்டுமென்றால், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளைப் புரட்ட வேண்டும், அதுவும் வடஆர்க்காடு என்ற தலைப்பில். சித்தூர் என்று தேடுகிற மாணவர் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்புவார். ஆவணம் இருக்கிறது, அவர் தேடிய பெயரில் இல்லை.

வி. ரங்காச்சாரியார் 1919-இல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், தாலுக்கா, ஊர் என்று அடுக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில் ஒருவர் செய்த வேலை அது. அந்த முறையில் சித்தூர், திருப்பதி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கு மட்டுமாவது, ஊர்ப் பெயரைச் சொன்னால் மைப்படி எண், கைபீது, இனாம் பதிவேடு, அச்சான ஆய்வு எல்லாம் எந்த அறையில் இருக்கின்றன என்று காட்டும் கைப்பட்டியல் ஒன்று வேண்டும். தெலுங்கிலும் தமிழிலும் வேண்டும். திருப்பதியில் பல்கலைக்கழகம் 1954-இலிருந்து இருக்கிறது. 1939-இல் தேவஸ்தானம் தொடங்கிய கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சித்தூரில் ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா இருக்கிறது. ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ் படித்த மாணவரும் தெலுங்கு படித்த மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பட்டா, கிரயப் பத்திரம், கர்ணம் கணக்கு, ஓலைச்சுவடி, பஜனை மடத்து வரவு செலவு நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை என்று ஏதாவது இருக்கும். அவற்றை லேமினேட் செய்யாதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எப்படிக் கைக்கு வந்தது என்று பின்புறம் பென்சிலால் எழுதி, இந்த ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.