நெஞ்சு படபடக்கும்போது

2004 டிசம்பர் 26 காலை இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கிண்ணியாவையும் மூதூரையும் சுனாமி அடித்தது. அதன்பின் இந்தக் கரையோரத்தில் அலை இரைந்தாலே தூக்கம் கலைந்தவர்கள் எத்தனையோ பேர். நெஞ்சிடிப்பு, பெருமூச்சு, கைகால் விறைப்பு. இசிஜி எடுத்தால் ஒரு பிழையும் இருக்காது. “அப்ப சும்மாதான் சொல்லுறாரோ?” என்று வீட்டார் கேட்பார்கள். இல்லை, நேயர்களே. ஆபத்து போன பின்னும் மூளை அபாயச் சங்கை நிறுத்தவில்லை. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் உண்மையாகவே விரைகிறது. போர்க்கால நோயாளிகளிடமும் இத்தகைய உடல்வழி முறைப்பாடுகளை நிறையவே கண்டார் உளமருத்துவர் தயா சோமசுந்தரம்.

இந்தப் பதகளிப்பு, அளவுமீறிய பயம், ஓயாமல் கை கழுவவைக்கும் எண்ணம் எல்லாமே ஒருகாலத்தில் நியூரோசிஸ் என்ற ஒரே பெயருக்குள் அடங்கின. ஸ்கொட்லாந்து வைத்தியர் வில்லியம் கலன் 1769இல் இட்ட பெயர் அது. 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு இவற்றைத் தனித்தனி நோய்களாக்கியது. நல்லதுதான், ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. இந்நோய்கள் உள்ளவர்களுக்கு நிஜம் எது என்ற தெளிவு இருக்கிறது. ‘விசர்’ என்று ஒதுக்குவது பெருங்கொடுமை.

அலைக்குப் பயந்து கடற்கரைப் பக்கமே போகாதிருந்தால் அன்றைக்கு நிம்மதிதான், ஆனால் பயம் இன்னும் வேர்விடும். அதனால்தான் சிகிச்சையில் முதலில் தூர நின்று கடலைப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு மணலில் நடக்க, பிறகு கால் நனைக்க. தேவையானால் மருந்தும் உண்டு.

இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. தமிழிலேயே பேசலாம்.