கார்டு நம் கையில், நம்பர் நம் மனசில்

(வெளிநாடு போகும் உறுப்பினர்களுக்காக, திருமுல்லைவாயிலில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதின் எழுத்து வடிவம்)



மகளிர் தொழிற்பேட்டையில் வேலை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கீங்க. உள்ளே வரும்போதே சிலர் கேட்டீங்க, "மேடம், வெளிநாட்டுல பணத்தைப் பத்திரமா வச்சுக்கறதப் பத்திப் பேசப் போறீங்களாமே, நாங்க எங்க ஏரோப்ளேன் ஏறப் போறோம்?" என்று.

கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். நம்மில் ஒரு அக்கா மகளின் பிரசவத்துக்கு அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறார். ஒரு தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முயற்சி செய்துகொண்டிருக்கிறார். மூன்று பேருடைய வீட்டுக்காரர்கள் துபாய், ஷார்ஜா பக்கம் வேலை செய்கிறார்கள். ஆக, இது நம் வீட்டுச் சமாச்சாரம்தான்.

நடந்த ஒன்றை முதலில் சொல்கிறோம். பெயர் வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவர் வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். போவதற்காக நகையை அடகு வைத்தார். அங்கே சம்பளம் வங்கியில் விழுந்தது, கார்டும் கொடுத்தார்கள். அழைத்துப்போன ஆள் சொன்னாராம், "உனக்கு மிஷின் தெரியாது, கார்டையும் நம்பரையும் என்கிட்ட கொடு, நானே எடுத்து ஊருக்கு அனுப்பிடறேன்." இவரும் கொடுத்துவிட்டார்.

முதல் நாலு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. அப்புறம் பாதி வந்தது. அப்புறம் நின்றே போனது. கேட்டால், "சம்பளம் இன்னும் போடல" என்று பதில். ஊர் திரும்பும் முன் அங்கே வேலை செய்யும் வேறொரு தமிழ்ப் பெண் வங்கிக்குக் கூட்டிப்போய்க் கணக்கு விவரம் வாங்கிக் கொடுத்தார். பார்த்தால், ஒரு மாதம் தவறாமல் சம்பளம் விழுந்திருக்கிறது. விழுந்த இரண்டாம் நாளே யாரோ எடுத்தும் இருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வியே, "நம்பரை நீங்களாத்தான் சொன்னீங்களா?" என்பதுதான். அடகு வைத்த நகை மூழ்கிப்போனது.

"ஏன்க்கா கொடுத்தீங்க?" என்று நாம் கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் உறுத்துகிறது. "இங்க ஏடிஎம்முக்குப் போனாலும் நீங்கதானே மேடம் கார்டை வாங்கி, நம்பரைக் கேட்டு, அழுத்திக் குடுப்பீங்க? அதே மாதிரிதான் அவரும்னு நெனச்சேன்."

உண்மைதான். க்யூ நீளமாக இருக்கிறது, நேரமாகிறது என்று நாமும் ஊக்குநர்களும் எத்தனை பேர் கார்டை வாங்கி அழுத்தியிருக்கிறோம்! உதவி என்று நினைத்துச் செய்தோம். ஆனால் கார்டையும் நம்பரையும் அடுத்தவரிடம் கொடுக்கிற பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்ததும் நாமே.

நம் குழுப் பெட்டியை நினைத்துப் பாருங்க. பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவி இன்னொருத்தர் வீட்டில். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோமே, ஏன்? யாரையும் திருடி என்று நினைத்தா? இல்லை. சந்தேகத்துக்கே இடம் இருக்கக் கூடாது என்றுதான். கார்டும் அப்படித்தான். கார்டு பெட்டி, ரகசிய எண் சாவி. உங்களைத் தவிர வேறு ஒரு ஆளிடம் இரண்டும் சேர்ந்து போகவே கூடாது. கார்டின் பின்னால் நம்பரை எழுதி வைப்பதும், பெட்டி மேலேயே சாவியை ஒட்டி வைப்பதும் ஒன்றுதான்.

கிளம்பும் முன்னே

பணம் முதலில் கைமாறுவது ஏஜெண்டிடம்தான். அங்கேயே கவனம் வேண்டும். பத்தாவது முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இதில் 30 வயது முடியாத பெண்களுக்கு வீட்டு வேலைக்கு அனுமதி கிடையாது. 2016 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிப்படி, இந்தப் பெண்கள் அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் அதற்காக 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. தெரு முனையில் நின்று, "டூரிஸ்ட் விசாவில் அனுப்பறேன், ரொக்கமா கொடு, ரசீது அப்புறம்" என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.

அடுத்தது வங்கி. நம் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று கிளையில் கேளுங்க. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுக்கு வேண்டுமென்றால் நாம் கேட்டுத் திறக்க வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று நாமே அளவும் வைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் மறுபடி மூடிவிடுங்க. வங்கியில் கொடுத்த செல் நம்பரை அணைய விடாதீங்க. பணம் எடுத்த செய்தி அதில்தான் வரும்.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். இங்கே உள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லுங்க. அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்ஆர்இ கணக்கு தொடங்கலாம். இரண்டும் உங்க பெயரில் இருக்கட்டும்.

ரொக்கம்: இந்தியப் பணம் ஒருவர் ரூ.25,000 வரைதான் வெளியே கொண்டு போகலாம். அந்த நாட்டுப் பணத்தை வங்கியிலோ, ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையிலோ மட்டும் மாற்றுங்க, ரசீது வாங்குங்க. விமான நிலைய வாசலில் "நல்ல ரேட் தரேன்" என்று வருகிறவரிடம் வேண்டாம். எந்த நோட்டு எவ்வளவு என்று வீட்டிலேயே பார்த்துப் பழகுங்க. குவைத்தில் ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ். கால் தினார், அரை தினாருக்கும் நோட்டு உண்டு. ஒரு தினார் நம் பணத்தில் ரூ.250-க்கும் மேல். சின்ன எண் போட்ட நோட்டுதானே என்று அசால்ட்டாக நீட்டிவிடக் கூடாது.

வழியில்

பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் மேலூர், திருவொற்றியூர், நம் கொடியிடை அம்மன் என்று ஒரே நாளில் மூன்று கோயிலுக்குப் போகிறோமே, அந்தக் கூட்டத்தில் பணத்தை எப்படி வைத்துக்கொள்கிறோம்? பஸ் காசு கையில், கொஞ்சம் சுருக்குப்பையில், பெரிய நோட்டு ஜாக்கெட்டுக்குள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வெளிநாட்டிலும் அதேதான். அன்றாடச் செலவுக்குக் கொஞ்சம் வெளியே, மீதி உடம்போடு. கார்டு ஒரு இடம், ரொக்கம் ஒரு இடம். விமானத்தில் சரக்கோடு போகிற பெட்டியில் பணமோ கார்டோ வைக்காதீங்க. பாஸ்போர்ட் நகலும், வங்கியின் அவசர எண்ணும் தனியாக ஒரு தாளில் இருக்கட்டும், வீட்டிலும் ஒரு நகல் கொடுங்க. "இந்தக் கவரை எங்க சொந்தக்காரர்கிட்ட கொடுத்திடு" என்று யார் தந்தாலும் வாங்காதீங்க. மாட்டினால் மாட்டுவது நீங்கதான்.

மிஷின் முன்னால்

தெருவோரத்தில் தனியாக நிற்கும் மிஷினைவிட, வங்கிக்கு உள்ளேயோ கடை வளாகத்திலோ இருப்பது நல்லது. பகலில் போங்க. கார்டு போடும் இடம் ஆடினாலோ, ஏதோ ஒட்டியது மாதிரி இருந்தாலோ வேறு மிஷினுக்குப் போங்க. ஒரு கையால் மறைத்து, மறு கையால் அழுத்துங்க. உதவி செய்ய வருகிற முகம் தெரியாதவரிடம், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்க. நம் ஊர்க் கார்டைப் போட்டால் சில மிஷின்கள், "இந்திய ரூபாயில் கழிக்கவா, இந்த நாட்டுப் பணத்திலா?" என்று கேட்கும். நம் ரூபாயைப் பார்த்ததும் மனசு அங்கே போகும். அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்க. ரூபாய் என்றால் அவர்கள் வைக்கிற ரேட்டில் கூடுதலாகப் போய்விடும். எடுக்கிற ஒவ்வொரு தடவையும் வங்கி கட்டணம் பிடிக்கும், அதனால் பத்துப் பத்தாக எடுக்காதீங்க.

சம்பளம் யார் கையில்?

"பணம் என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும், ஊருக்குப் போகும்போது மொத்தமா வாங்கிக்கோ" என்று முதலாளி அம்மா அன்பாகவே சொல்லலாம். சிங்கப்பூர் அரசு 2019 ஜனவரி முதல், வீட்டுப் பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது என்று விதி போட்டிருக்கிறது. அந்தப் பெண் கேட்டால் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென்றே 2015-இல் சட்டம் வந்தது. மாதா மாதம் சம்பளம் தர வேண்டும், சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. எமிரேட்ஸ் நாட்டில் கம்பெனி வேலைக்குப் போனவர்களின் சம்பளத்தை வங்கி, எக்ஸ்சேஞ்ச் வழியாகத் தரும் முறை 2009-இலேயே வந்துவிட்டது. இது தெரிந்தால்தான் வாய் திறந்து கேட்க முடியும். நம் தீர்மான நோட்டு மாதிரி ஒரு சின்ன நோட்டில் தேதி, வந்த பணம், எடுத்த பணம் எழுதி வையுங்க.

ஊருக்கு அனுப்பும்போதும் வங்கி, அல்லது உரிமம் உள்ள எக்ஸ்சேஞ்ச். உண்டியல்காரர் ஒரு ரூபாய் கூடத் தருவார், ஆனால் ரசீது தர மாட்டார். சட்டப்படி அது குற்றமும்கூட. பணம் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

கார்டு தொலைந்தால்

முதல் வேலை, வங்கிக்குப் போன் செய்து கார்டை நிறுத்துவது. அழுவதெல்லாம் அப்புறம். புகார் எண்ணை எழுதி வாங்குங்க. நம் ஊர் வங்கிக் கார்டு என்றால், 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வெளியாள் மோசடி செய்து, நம் பக்கம் தவறு இல்லாமல், செய்தி வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. நம்பரை நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் முழுதும் நம் தலையில்தான். வீட்டில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லலாம். அங்கே சம்பளப் பிரச்சினை, பாஸ்போர்ட் பிரச்சினை என்றால் இந்தியத் தூதரகம். துபாய் பக்கம் இருப்பவர்களுக்கு இந்திய அரசின் உதவி மையம் உண்டு, எண் 800 46342.

தோழிகளே, இத்தனையும் ஞாபகம் இருக்குமா என்று பயப்படாதீங்க. ஒன்று மட்டும் கையோடு வந்தால் போதும். மிஷினில் நாமே எடுக்கத் தெரிந்தவளிடம், "உனக்குத் தெரியாது, கொடு" என்று யாரும் கை நீட்ட முடியாது.

அதனால் இந்த மாதம் முதல் ஒரு தீர்மானம். கள ஒருங்கிணைப்பாளரோ, ஊக்குநரோ, பிரதிநிதியோ, எந்த உறுப்பினரின் கார்டையும் கையால் தொடக் கூடாது, நம்பரைக் கேட்கக் கூடாது. கூட வருவோம், பக்கத்தில் நின்று சொல்லித் தருவோம், நம்பர் அழுத்தும்போது திரும்பி நின்றுகொள்வோம். நாலு தடவை தப்பாகட்டும், பின்னால் நிற்பவர் முணுமுணுக்கட்டும், பரவாயில்லை. குவைத் போகிற தங்கையும், சிங்கப்பூர் போகிற அக்காவும் கிளம்பும் முன் மூன்று தடவையாவது தனியாகப் பணம் எடுத்துக் காட்ட வேண்டும்.

நகை இழந்த அந்த அக்காவும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் ஆவடியில் தன் கார்டில், தன் கையால், ரூ.500 எடுத்தார். நாங்கள் திரும்பித்தான் நின்றிருந்தோம்.