யார் இங்கே வந்தேறி?

(இளைஞர் கருத்தரங்க உரையின் சுருக்கம்)



கடைவீதியில் ஒருவன் "நீங்கள் வந்தேறிகள்" என்கிறான். நம் இளைஞர்கள் கொதிக்கிறார்கள். கொதிக்க வேண்டாம், வரலாற்றைச் சொல்லுங்கள்.

1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்றது 2011இல் வெளியான ஆய்வு. அந்த ஆதிமனிதர்களின் வாரிசு என்று இன்று எவரும் பட்டா கேட்க முடியாது. இன்றைய மனித இனம் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கு வந்து ஏறத்தாழ 65,000 ஆண்டுகள் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. மத்திய ஆசியப் புல்வெளி மக்கள் வந்தது கி.மு. 2000க்குப் பிறகே என்கிறது 2019ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு. முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் கலந்ததே இந்தியா.

நமக்கும் ஒரு சொல். அரபு வம்சம் என்று பெருமை பேசுவோர் நம்மிலும் உண்டு. ஆனால் இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் இம்மண்ணின் வழிவந்தவர்களே என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. குலப் பெருமையை நபி (ஸல்) அவர்கள் ஒழித்துவிட்டார்கள். நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

முதலில் வந்தவர் யார் என்பது தொல்லியலின் கேள்வி. குடியுரிமைக்கு அரசியல் சட்டம் இருக்கிறது. அதைப் படியுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்.