கையெழுத்துப் போடுவதற்கு முன்: மருத்துவப் படிப்பும் சேவைக் கடப்பாடும்

செங்காங்கில் மூத்தோருக்கான கூட்டம் ஒன்றில் தமிழில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்

வழக்கமாக இங்கே சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி என்றுதான் பேசுவோம். இன்று உங்கள் உடம்பைப் பற்றி அல்ல, உங்கள் கையெழுத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சென்ற சில கூட்டங்கள் முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "பேத்தி டாக்டருக்குப் படிக்கப் போறா. கவர்மென்ட் பணம் கொடுக்குமாம். ஆனா பாண்டு போடணுமாம். போடலாமாம்மா?"

நான் மருத்துவர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. இப்படிப்பட்ட படிவங்களையும் விளக்கக் குறிப்புகளையும் தமிழில் எழுதித் தருவது என் வேலை. இந்தப் படிவங்களில் எந்தச் சொல்லில் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதில் ஒரு சொல்லுக்கு நானும் பொறுப்பு.

வேலையில் சேர்ந்த புதிதில், பிணையாளர் என்று எழுத வேண்டிய இடத்தில் 'உறுதியளிப்பவர்' என்று எழுதினேன். கேட்க மென்மையாக இருந்தது. பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். "என் பேரன் நல்லவன்னு உறுதி கொடுக்கணும், அவ்வளவுதானே? கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், அது மாதிரிதானே?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாட்சி வேறு, பிணையாளர் வேறு. சாட்சி 'நான் பார்த்தேன்' என்கிறார். பிணையாளர் 'அவன் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்' என்கிறார். ஊரில் ஜாமீன் என்போமே, அதுதான் இது. அன்றே அந்தச் சொல்லை மாற்றினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவப் படிப்புக்கு அரசாங்கம் தரும் பணம் ஒரே வகையானது அல்ல. எல்லாவற்றையும் 'ஸ்காலர்ஷிப்' என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலாவது, கல்விக் கட்டண மானியம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியிலோ, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியிலோ மருத்துவம் 5 ஆண்டுப் படிப்பு. சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகள் ஆண்டுக்கு 30,000 வெள்ளிக்கு மேல் கட்டுகிறார்கள். அதுவே பெரிய தொகைதான். ஆனால் படிப்பின் உண்மையான விலை அதைப்போலப் பல மடங்கு. மீதியை அரசாங்கம் கட்டுகிறது. அதற்கு ஈடாக, குடிமக்கள் படித்து முடித்தபின் 5 ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளிலும் பலதுறை மருந்தகங்களிலும் பணியாற்ற வேண்டும். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு 6 ஆண்டுகள். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் சேரும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் குடிமக்களுக்கு 4 ஆண்டுகள்.

இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கிடைத்த பரிசு அல்ல. மானியம் பெற்று மருத்துவம் படிக்கும் எல்லாருக்கும் உள்ள கடப்பாடு. "எங்களுக்கு உபகாரச் சம்பளம் வேண்டாம், அதனால் பாண்டும் இல்லை" என்று ஒரு குடும்பம் சொன்னால், அவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உண்மையான உபகாரச் சம்பளம். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் நிறுவனம் சுகாதாரத் துறைப் படிப்புகளுக்கான உபகாரச் சம்பளங்களைக் கவனிக்கிறது. இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத் தேர்வு உண்டு, தனி ஒப்பந்தமும் உண்டு. இங்கே கேட்க வேண்டிய கேள்வி: "இந்தக் கடப்பாடு முதல் கடப்பாட்டோடு சேர்ந்து ஓடுமா, அது முடிந்தபின் தொடங்குமா?" பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாழ்க்கையில் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்த ஒரு பதிலில் இருக்கின்றன.

மூன்றாவது, வெளிநாட்டில் படிக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கானது. படிப்பின் கடைசி ஆண்டுகளில் கட்டணத்தின் ஒரு பகுதியைத் தந்து, இங்கே திரும்பி வந்து வேலை செய்யச் சொல்லும் மானியம் ஒன்று 2010 முதல் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எல்லா வெளிநாட்டு மருத்துவப் பட்டமும் இங்கே செல்லாது. 2020 ஜனவரி முதல் தேதியன்று, சிங்கப்பூர் ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளின் பட்டியல் 160லிருந்து 103ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகும் பட்டியல் மாறியிருக்கிறது. ஊரில் தெரிந்தவர் ஒருவர் இடம் வாங்கித் தருகிறார் என்று யாராவது சொன்னால், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பேரப்பிள்ளையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.

'பாண்டு' என்ற சொல்லே நம்மில் சிலருக்குக் கசக்கிறது. பாட்டனார் காலத்துத் தோட்ட ஒப்பந்தக் கூலி நினைவுக்கு வருகிறது. ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "அஞ்சு வருஷம் சம்பளமில்லாம உழைக்கணுமா?" இல்லை அம்மா. முழுச் சம்பளம் உண்டு. மற்ற அரசாங்க மருத்துவர்களுக்குக் கிடைக்கும் விடுப்பும் உண்டு. கட்டிப்போடப்படுவது ஒன்றுதான்: அந்த ஆண்டுகள் முடியும்வரை தனியாருக்கோ வெளிநாட்டுக்கோ போக முடியாது.

போனால்? அரசாங்கம் செலவிட்ட தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மருத்துவப் படிப்பில் அது சில ஆயிரம் வெள்ளி அல்ல, லட்சக்கணக்கில் போகும். பிள்ளை கட்ட முடியாவிட்டால் கடிதம் பிணையாளர் வீட்டுக்கு வரும். அந்தக் கதவைத் திறப்பவர் நீங்களாக இருக்கலாம்.

எனவே உங்களிடம் தாளை நீட்டும்போது கேளுங்கள். இது சாட்சியா, பிணையா? என் வயதில் நான் பிணையாளராக இருக்கலாமா? எவ்வளவு தொகைவரை நான் பொறுப்பு? நான் இறந்துவிட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். வீட்டில் "ஏன் தாத்தா அபசகுனமாகப் பேசுறீங்க" என்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். ஒப்பந்தத்தை விளக்கும் அதிகாரிகளுக்கு இது பழகிய கேள்விதான்.

உங்களால் பிணை நிற்க முடியாது என்றால் பேரப்பிள்ளையின் படிப்பு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். வேறு உறவினர் நிற்கலாம். பணத்துக்கும் வேறு வழிகள் உண்டு. பெற்றோர் தங்கள் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து பிள்ளையின் கல்விக் கட்டணத்தைக் கட்டலாம். அது கடன். படித்து முடித்த ஓராண்டில் பிள்ளை அதை வட்டியோடு திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். வங்கி வழியாகக் கல்விக் கட்டணக் கடனும் இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பல்கலைக்கழகங்களே உதவிநிதி தருகின்றன. அதற்குப் பெரும்பாலும் கடப்பாடு கிடையாது. உபகாரச் சம்பளம் கிடைத்தால்தான் பெருமை, உதவிநிதி கேட்டால் கேவலம் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறதே, அது எனக்குப் பிடிப்பதில்லை.

இதுவரை பணக் கணக்கு. காலக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 19 வயதில் மருத்துவப் பள்ளியில் சேரும் பேத்தி, 24 வயதில் படிப்பை முடிப்பாள். கடப்பாடு முடியும்போது முப்பதை நெருங்கியிருப்பாள். பேரனாக இருந்தால் தேசிய சேவையையும் கூட்டிக்கொள்ளுங்கள். இடையில் கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு வேலைவாய்ப்பு எல்லாம் வரும். 19 வயதில் போட்ட கையெழுத்து அப்போதும் அங்கேயே இருக்கும்.

அந்த ஆண்டுகள் எப்படி இருக்கும் என்று எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். செங்காங் பொது மருத்துவமனை 2018இல் திறக்கப்பட்டது. 1,000 படுக்கைகள். பக்கத்திலேயே 400 படுக்கைகளோடு சமூக மருத்துவமனை. உங்களில் பலர் செங் லிம் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி அங்கே போய் வருகிறவர்கள். வார்டில் இரவு 2 மணிக்கு உங்கள் கையில் ஊசி ஏற்ற வந்தவர் யார்? காலையில் பெரிய மருத்துவருக்குப் பின்னால் கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் யார்? அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடப்பாட்டில் இருக்கும் இளையர்கள்தாம்.

"ஒவ்வொரு தடவையும் புது டாக்டர், மறுபடியும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கு" என்று நீங்கள் குறைப்படுவதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. பயிற்சியின் முதலாண்டில் 4 மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறுகிறார்கள். அதன்பின் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை. மருத்துவமனையும் மாறலாம். பேத்தி டாக்டரானால் வீட்டுப் பக்கத்திலேயே செங்காங்கில் வேலை பார்ப்பாள் என்று கனவு காணாதீர்கள். உட்லண்ட்ஸுக்கும் போவாள், ஜூரோங்குக்கும் போவாள். பயிற்சி மருத்துவரின் வேலை நேரம் சராசரியாக வாரத்துக்கு 80 மணிக்குமேல் போகக்கூடாது என்பது விதி. அந்த எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

இது சிங்கப்பூர் மட்டும் செய்யும் ஏற்பாடு அல்ல. ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில், கட்டணத்துக்கு ஈடாகச் சொந்த வட்டாரத்தில் 9 ஆண்டுகள் பணியாற்றுகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர்கள் படித்தபின் மிஷன் மருத்துவமனைகளில் 2 ஆண்டுகள் வேலை செய்கிறார்கள். இந்தத் தீவின் முதல் மருத்துவப் பள்ளி 1905இல் 23 மாணவர்களோடு தொடங்கியபோது, அதற்கான பணம் டான் ஜியாக் கிம் தலைமையில் ஊர் வணிகர்களிடம் திரட்டியது, 87,077 டாலர். பிறர் பணத்தில் படித்துப் பிறருக்கு உழைப்பது இங்கே பழைய வழக்கந்தான்.

பேத்திகள் உள்ளவர்களுக்கு இன்னொன்று. "பொம்பளப் பிள்ளைக்கு டாக்டர் சீட்டு கஷ்டம்" என்று இன்னும் சிலர் சொல்கிறீர்கள். நீங்கள் சொல்வதில் வரலாறு இருக்கிறது. 1979 முதல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்ற வரம்பு இருந்தது. 2003 சேர்க்கையோடு அது நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பேச்சையும் நாம் விட்டுவிடலாம்.

விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? மேல்நிலைத் தேர்வு முடிவுகள் பெரும்பாலும் பிப்ரவரி கடைசி வாக்கில் வருகின்றன. பல்கலைக்கழக விண்ணப்பம் மார்ச்சு நடுவில் முடிந்துவிடும். ஏறக்குறைய மூன்று வாரந்தான். அந்த நெருக்கடியில் ஒப்பந்தத்தை நிதானமாகப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே டிசம்பர் விடுமுறையிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நேர்முகத் தேர்வில் "ஏன் மருத்துவராக விரும்புகிறாய்?" என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது பேரப்பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். எண் வாங்கிக் காத்திருக்கட்டும். மருந்துப் பையில் உள்ள ஒவ்வொரு மாத்திரையும் எதற்கென்று உங்களுக்குத் தமிழில் சொல்ல முயலட்டும். தடுமாறுவார்கள். ஆங்கிலத்தில் எல்லாம் தெரிந்த பிள்ளைக்கு 'சிறுநீரகம்' என்ற சொல் வாயில் வராது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் நீங்கள் 'குத்துது', 'கடுகடுக்குது', 'பிசையுது' என்று மூன்று விதமாகச் சொல்வீர்கள். மூன்றும் வேறு வேறு என்று அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்ளும். அந்த அனுபவத்தை நேர்முகத் தேர்வில் சொல்லட்டும்.

அப்படிப் போய் வந்தபின் "இது எனக்கு வேண்டாம் பாட்டி" என்று பிள்ளை சொன்னால், தயவுசெய்து கோபப்படாதீர்கள். தாதிமை, உடற்பயிற்சிச் சிகிச்சை, மருந்தாளர் படிப்பு ஆகியவற்றுக்கும் உபகாரச் சம்பளம் இருக்கிறது, அவற்றுக்கும் கடப்பாடு இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த உங்களை மறுபடி நடக்க வைத்தவர் மருத்துவரா, சிகிச்சையாளரா என்று யோசித்துப் பார்த்தால், அந்தப் படிப்பை இரண்டாம் தரம் என்று சொல்லமாட்டீர்கள். முழு மனமில்லாத பிள்ளையைச் சொந்தக்காரர்கள் முன் பெருமைக்காக ஒப்பந்தத்தில் தள்ளினால், நடுவில் முறியும்போது அபராதம் கட்டப்போவது அந்தச் சொந்தக்காரர்கள் அல்ல.

இப்போது கேள்வி நேரம். படிவம் கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்கிறேன். கொண்டுவராதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அதுவரை வீட்டில் யார் கேட்டாலும், "தமிழில் படித்துக் காட்டியபின் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். வரும்போது மூக்குக் கண்ணாடியை மறக்க வேண்டாம்.