கொழுந்து நமது; விலை யாருடையது?

(காஞ்சிபுரத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



பாவும் ஜரிகையும் முதலாளி கொடுத்தால், கூலியையும் அவரே முடிவு செய்வார். இது காஞ்சித் தறிக்காரர் அறிந்த பாடம். நீலகிரியில் ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் குடும்பத்தின் நிலையும் அதுதான். பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். பேரம் பேச நேரமேது? அதனால்தான் 1962-ல் குந்தாவில் கூட்டுறவு ஆலை எழுந்தது. 1965-ல் அத்தகைய ஆலைகளின் இணையமாக இண்ட்கோசர்வ் அமைந்தது.

ஆனால் சங்கம் மட்டும் போதாது. 1991-ல் சோவியத் யூனியன் சிதறியதும் தென்னிந்தியத் தேயிலைக்குப் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. சந்தை சுருங்கினால் மட்டமான தூள்தான் முதலில் தேங்கும்.

கூடலூர், குன்னூர் இளைஞர்களே! கடன்பட்டு அடுத்த ஏக்கரை வாங்குமுன், இருக்கும் ஏக்கரைச் சீராக்குங்கள். பட்டுப்போன செடிக்குப் பதில் புதுச் செடி நடுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறியுங்கள்.

வணிகர்களே! சாயம் கலந்த தூளைக் கடையில் ஏற்றாதீர்கள். அது அந்தக் குடும்பங்களின் சோற்றில் மண்ணைப் போடுவதாகும்!